டை ஊசியும் சிறுநீரக இரத்த ஓட்டமும்: ஒரு வரலாறு

சி.டி. ஸ்கேன், ஆஞ்சியோகிராம் போன்ற பரிசோதனைகளில் இரத்தக் குழாய்களும் உள்ளுறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக உடலுக்குள் செலுத்தப்படும் மருந்து கான்ட்ராஸ்ட் மருந்து எனப்படும். மக்கள் இதை டை ஊசி என்றும், சாயம் ஏற்றுவது என்றும் சொல்வார்கள். உண்மையில் இது சாயமன்று. பெரும்பாலும் அயோடின் அணுக்கள் சேர்ந்த, நிறமற்ற ஒரு திரவம். அயோடின் எக்ஸ் கதிர்களைத் தடுத்து நிறுத்துவதால், அது சென்ற இடமெல்லாம் படத்தில் வெண்மையாகத் தெரியும்.

இந்த மருந்தைப் பற்றித் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இரண்டு விதமான மனப்போக்கைக் காணலாம். "டை ஏற்றினால் கிட்னி போய்விடும்" என்று அஞ்சி, நெஞ்சுவலி வந்தபின்னும் ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடுவோர் ஒரு சாரார். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதையோ தினமும் வலி மாத்திரை விழுங்குவதையோ சொல்லாமலே ஸ்கேன் மேசையில் படுத்துவிடுவோர் மறு சாரார். இரண்டிலும் ஆபத்து உண்டு. எந்த அச்சம் சரி, எது மிகை என்று அறிய, இந்த மருந்துக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக உள்ள உறவின் வரலாறு உதவும்.

முதல் முயற்சிகள்

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். எலும்பு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இரத்தக் குழாய், குடல், சிறுநீரகம் போன்ற மென்மையான உறுப்புகள் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகவே தெரிந்தன. அடுத்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், வியன்னாவில் ஹாஷெக், லிண்டன்தால் ஆகிய இருவர் துண்டிக்கப்பட்ட ஒரு கையின் இரத்தக் குழாய்களுக்குள் சுண்ணாம்பும் பாதரசச் சேர்மமும் கலந்த கலவையைச் செலுத்திப் படம் எடுத்தனர். குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் கலவையை உயிருள்ள மனிதருக்குள் செலுத்த இயலாது.

குடலைக் காட்டப் பிஸ்மத்தும் பின்னர் பேரியம் சல்பேட்டும் வந்தன. சிறுநீர்ப் பாதையைக் காட்ட, 1906இல் ஜெர்மானிய மருத்துவர்கள் கீழிருந்து குழாய் செருகி வெள்ளிக் கரைசலை ஏற்றிப் பார்த்தனர். அது நோயாளிக்கு வேதனை தரும் முறையாக இருந்தது. நரம்பில் ஊசி போட்டு, மருந்து தானாகவே சிறுநீரகத்துக்குச் சென்று சேரும் வழி அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

சிறுநீரகமே காட்டிய வழி

அந்த வழி எதிர்பாராமல் கிடைத்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பால்வினை நோயாளிகளுக்குச் சோடியம் அயோடைடு மருந்தாகத் தரப்பட்டு வந்தது. அவர்களை எக்ஸ் கதிரில் பார்த்தபோது சிறுநீர்ப்பை தெளிவாகத் தெரிவதை மருத்துவர்கள் கவனித்தனர். சிறுநீரகம் அயோடினை வடிகட்டிச் சிறுநீரில் சேர்த்ததே காரணம். ஆஸ்போர்ன் உள்ளிட்ட அக்குழுவினர் இதை 1923இல் வெளியிட்டனர். ஆனால் போதிய தெளிவு வேண்டுமென்றால் நச்சு அளவுக்கு அயோடைடு தர வேண்டியிருந்தது.

அடுத்த படி பெர்லினில் நடந்தது. அங்குள்ள வேளாண் கல்லூரியில் பின்ஸ், ரேத் என்ற வேதியியலாளர்கள் அயோடின் சேர்ந்த சேர்மங்களைத் தயாரித்துவந்தனர். அவற்றுள் ஒன்று மாடுகளின் மடிநோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது. மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் இவ்வகைச் சேர்மங்கள் சிறுநீர் வழியே வெளியேறுவதைக் கண்டு, அவற்றைக் கொண்டு சிறுநீரகத்தைப் படம் பிடிக்கலாம் என்று முயன்றார். 1929இல் யூரோசெலக்டான் என்ற பெயரில் அம்மருந்து அறிமுகமானது. நரம்பில் ஊசி போட்டுச் சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பாதையையும் முழுமையாகப் பார்ப்பது அன்றிலிருந்து சாத்தியமாயிற்று. புகழ் முதலில் மூத்த பேராசிரியர் ஃபான் லிச்சன்பெர்க்குக்குச் சென்றது. ஸ்விக்குக்கு உரிய இடம் பல பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது.

ஆகவே, இந்த மருந்தின் பிறப்பே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை நம்பியது. அது இல்லாமல் நரம்பு வழி செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தே இல்லை.

வெளியேறாத மருந்து

சிறுநீரகம் வெளியேற்றாத மருந்து என்ன செய்யும் என்பதையும் அதே காலம் காட்டியது. 1930 வாக்கில் தோரோட்ராஸ்ட் என்ற மருந்து பரவியது. அதில் இருந்தது தோரியம் டை ஆக்சைடு. படம் மிகத் தெளிவாக வந்தது. உடனடித் தொல்லையும் இல்லை. ஆனால் தோரியம் கதிரியக்கம் உடையது. அது கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, வெளியேறாமல் வாழ்நாள் முழுவதும் கதிர்வீசிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்நோயாளிகளிடம் கல்லீரல் புற்றுநோய் தோன்றியது. தோரோட்ராஸ்ட் கைவிடப்பட்டது. உடலைவிட்டு விரைவில் வெளியேறுவது ஒரு கான்ட்ராஸ்ட் மருந்தின் முதல் தகுதி என்பது இதிலிருந்து கற்ற பாடம்.

தமிழகத்தில் கதிரியல்

தென்னிந்தியாவில் கதிரியல் துறைக்குத் தாய்வீடாக விளங்கியது சென்னை அரசு பொது மருத்துவமனையைச் சேர்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம். கேப்டன் டி. டபிள்யூ. பர்னார்டின் பெயரால் அது 1934இல் திறக்கப்பட்டது. டெல்டா பாசனத்தின் உயிரான மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் காமராசர் ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. திருவாரூரில் 2010இலும், நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் செயல்படத் தொடங்கின. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் உயர்சிறப்பு மருத்துவப் பிரிவு 2019 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன் சென்னைக்கோ வேலூருக்கோ போய்ச் செய்துகொண்ட பரிசோதனைகள் இன்று டெல்டாவுக்குள்ளேயே நடக்கின்றன. டை ஊசி பற்றிய பேச்சு டீக்கடை வரை வந்ததற்கு இதுவே காரணம்.

தாகத்தோடு எடுத்த படம்

1950களில் மூன்று அயோடின் அணுக்கள் சேர்ந்த புதிய மருந்துகள் வந்தன. யூரோகிராஃபின் என்ற பெயர் இந்திய மருத்துவமனைகளில் வெகுகாலம் வழங்கிய பெயர். இவை முந்தியவற்றைவிடத் தெளிவாகப் படம் தந்தன. ஆனால் இரத்தத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு செறிவு மிக்கவை.

அக்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சிறுநீரகப் படம் எடுப்பதற்கு முன் நோயாளிக்கு இரவு முழுவதும் தண்ணீர் கொடுக்காமல் வைப்பார்கள். உடலில் நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். மருந்தும் நீர்த்துப்போகாமல் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பது அதன் காரணம். படம் நன்றாக வந்தது உண்மை. சிறுநீரகத்துக்கு என்ன நேர்ந்தது என்பது பின்னரே தெரிந்தது.

1954இல் டென்மார்க்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு இவ்வாறு படம் எடுத்தபின் சிறுநீர் வருவதே நின்றுபோனது. அந்நோயில் சிறுநீரில் மிகுதியாக வெளியேறும் புரதம், நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரக நுண்குழல்களை அடைத்துவிடக்கூடும். இதேபோன்ற செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பெரும்பாலோர் முதியோர், நீரிழிவு உள்ளோர், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானோர், உடலில் நீர் வற்றியோர். தாகத்தோடு வைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது.

சிறுநீரகத்தின் தலைமடையும் கடைமடையும்

இங்கே சிறுநீரகத்தின் இரத்தப் பங்கீட்டைப் புரிந்துகொள்வது அவசியம். காவிரி டெல்டா மாணவர்களுக்கு இது எளிது.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் 20 முதல் 25 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், அவற்றுக்குச் செல்கிறது. அந்த இரத்தம் உள்ளே சமமாகப் பிரிவதில்லை. வெளிப்பகுதியான புறணிக்கு ஏறத்தாழ 90 சதவீதம் போய்விடுகிறது. உட்பகுதியான அகணிக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு.

கல்லணையில் பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் தலைமடை வயல்களில் தண்ணீர் தளும்பும். அதே நேரத்தில் தலைஞாயிறு, வேதாரண்யம், பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை உழவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிறுநீரகத்தின் அகணி இத்தகைய கடைமடை. ஆனால் வேலை அங்கேதான் கடினம். உப்பை மீட்டெடுத்துச் சிறுநீரைச் செறிவாக்கும் நுண்குழல்கள் அங்கே இடைவிடாமல் உழைக்கின்றன. புறணியில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 50 மில்லிமீட்டர் பாதரசம். அகணியில் 10 முதல் 20 வரை மட்டுமே. உடல்நலம் நன்றாக இருக்கும் நாளிலேயே அது பற்றாக்குறையில்தான் வாழ்கிறது. மேயர் பிரெசிஸ், சீமோர் ரோசன் ஆகியோர் 1995இல் இதை விரிவாக விளக்கி எழுதினர்.

டை ஊசி செலுத்தப்பட்டவுடன் சிறுநீரக இரத்தக் குழாய்கள் சிறிது நேரம் விரிகின்றன. அதன்பின் சுருங்குகின்றன, சுருக்கம் நீண்ட நேரம் நிற்கிறது. அடினோசின், எண்டோதீலின் போன்ற பொருள்கள் குழாயைச் சுருக்குகின்றன. அதே வேளையில் மருந்து தன்னோடு நீரை இழுத்துக்கொண்டு வெளியேறுவதால் நுண்குழல்களுக்கு வேலை கூடுகிறது. மருந்தின் பிசுபிசுப்பால் நுண்குழல்களில் ஓட்டமும் தடைப்படுகிறது. வரத்து குறைந்து தேவை கூடிய அந்த நேரத்தில் கடைமடையான அகணி முதலில் வாடுகிறது. இவற்றுள் பெரும்பகுதி விலங்குச் சோதனைகளில் அறியப்பட்டவை.

ஆயினும் உடல் கைகட்டி நிற்பதில்லை. முறைப்பாசனத்தில் மதகைத் திறந்து கடைமடைக்கு நீர் அனுப்புவது போல, நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாகிளாண்டின்களும் அகணியின் குழாய்களை விரித்து இரத்தம் கிடைக்கச் செய்கின்றன. நலமான சிறுநீரகம் இவ்வாறு நெருக்கடியைக் கடந்து, 24 மணி நேரத்துக்குள் மருந்தை ஏறத்தாழ முழுவதும் வெளியேற்றிவிடுகிறது.

எலிகள் சொன்ன பாடம்

நலமான எலிகளுக்கு டை ஊசி போட்டால் சிறுநீரகம் எளிதில் கெடுவதில்லை. 1988இல் சாமுவேல் ஹேமன், பிரெசிஸ் உள்ளிட்ட குழுவினர் ஒரு முக்கியமான சோதனையை வெளியிட்டனர். ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்ட, உடலில் உப்பு குறைக்கப்பட்ட எலிகளுக்கு இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைக் கொடுத்து, அதன்மேல் டையையும் செலுத்தினர். அகணி கடுமையாகச் சேதமடைந்தது.

இண்டோமெத்தசின், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. அதாவது கடைமடைக்குத் தண்ணீர் திறக்கும் மதகையே அவை மூடிவிடுகின்றன. ஒரே ஒரு காரணத்தால் கெடாத சிறுநீரகம், நீர்க்குறைவு, வலி மருந்து, குறைந்த சிறுநீரகத் திறன், டை ஆகியவை ஒன்றுசேரும்போது கெடுகிறது என்பதே அந்தச் சோதனையின் செய்தி.

உப்புக்கடலில் தோன்றிய யோசனை

மருந்தையே மாற்றும் முயற்சி சுவீடனில் நடந்தது. டார்ஸ்டன் அல்மேன் என்ற கதிரியல் மருத்துவர், குழாய்க்குள் டை போகும்போது நோயாளிகள் எரிச்சலால் துடிப்பதைப் பார்த்து வந்தார். சுவீடனின் மேற்குக் கடலில் நீருக்கடியில் கண் திறந்தால் எரிகிறது. உப்புக் குறைந்த பால்டிக் கடலில் எரிவதில்லை என்பது அவர் நீந்தும்போது கண்ட அனுபவம். நாகப்பட்டினம் கடலிலும் காவிரி ஆற்றிலும் முழுகிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். எரிச்சலுக்குக் காரணம் அயோடின் அன்று, கரைசலின் செறிவே என்று அவர் கருதினார். கரைசலில் அயனிகளாகப் பிரியாத மூலக்கூறை உருவாக்கினால் செறிவு பாதியாகும் என்று 1969இல் எழுதினார்.

நார்வேயின் நிகார்டு நிறுவனம் அவரோடு சேர்ந்து உழைத்தது. அதன் பயனாக வந்த அயோஹெக்சால், ஆம்னிபேக் என்ற பெயரில் 1982இல் விற்பனைக்கு வந்தது. பழைய மருந்துகளின் செறிவு ஒரு கிலோவுக்கு 1,400 மில்லி ஆஸ்மோலுக்கு மேல். புதியவற்றில் 600 முதல் 850. இரத்தத்தின் செறிவு சுமார் 290. பின்னர் வந்த அயோடிக்சனால் இரத்தத்துக்குச் சமமான செறிவு உடையது. ஆனால் பிசுபிசுப்பு கூடுதல். 1995இல் வெளியான, 1,196 பேர் பங்கேற்ற ஆய்வில், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களிடையே பழைய மருந்து பெற்றோருக்குப் பாதிப்பு 3.3 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. புதிய மருந்துகள் விலை பல மடங்கு கூடியவை. அதனால் ஏழை நாடுகளில் பழையவை மேலும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன.

தண்ணீரே மருந்து

சிறுநீரகத்தைக் காக்கப் பல மருந்துகள் முயலப்பட்டன. சிறுநீரைப் பெருக்கிவிட்டால் டை விரைவாக வெளியேறும் என்று எண்ணி ஃபுரோசிமைடு, மேனிடால் ஆகியவற்றையும் கொடுத்துப் பார்த்தனர். 1994இல் சாலமன் குழுவினர் இதயப் பரிசோதனைக்கு வந்த, சிறுநீரகம் பழுதான 78 பேரை மூன்று பிரிவாக்கினர். நரம்பு வழியாக உப்புநீர் மட்டும் பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கே பாதிப்பு. உப்புநீருடன் மேனிடாலும் பெற்றவர்களில் 28 சதவீதம். ஃபுரோசிமைடு பெற்றவர்களில் 40 சதவீதம். தண்ணீரை வெளியேற்றும் மருந்தைவிட, தண்ணீரும் உப்பும் உடலில் இருப்பதே பாதுகாப்பு என்பது தெளிவாயிற்று. முன்பு தாகத்தோடு வைத்த வழக்கத்துக்கு இது நேரெதிரான முடிவு.

அசிட்டைல்சிஸ்டீன், சோடியம் பைகார்பனேட் ஆகியவை அடுத்து வந்தன. உலகெங்கும் பரவலாகக் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இவற்றால் சாதாரண உப்புநீரைவிடக் கூடுதல் பயன் இல்லை என்று தெரிந்தது.

அச்சத்தின் மறுமதிப்பீடு

இதற்கிடையே இன்னொரு கேள்வி எழுந்தது. டை ஏற்றியபின் இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்ந்தால், அதற்கு டைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மருத்துவமனையில் இருப்பவருக்குக் காய்ச்சல், கிருமித்தொற்று, இரத்த அழுத்தக் குறைவு, வேறு மருந்துகள் எனப் பல காரணங்கள் இருக்கலாம். பழைய ஆய்வுகள் பலவற்றில், டை ஏற்றாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை.

2013இல் மேயோ மருத்துவமனையும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் அவ்வாறு ஒப்பிட்டு ஆய்வுகளை வெளியிட்டன. டை இல்லாமல் சி.டி. எடுத்தவர்களிலும் கிரியாட்டினின் ஏறியோர் ஏராளமாக இருந்தனர். மேயோ ஆய்வில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடே இல்லை. மிச்சிகன் ஆய்வில் சிறுநீரக வடிகட்டும் திறன் 30க்குக் கீழ் இருந்தவர்களிடம் டையின் பங்கு தெரிந்தது. 2017இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 660 பேரிடம் நடந்த ஆய்வில், பெரும்பாலும் 30 முதல் 59 வரை திறன் உள்ளவர்களிடம், உப்புநீர் ஏற்றியவருக்கும் ஏற்றாதவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அந்நாட்டுச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020இல் கூட்டறிக்கை வெளியிட்டன. ஆபத்து முன்பு மிகைப்படுத்தப்பட்டது, ஆனால் இல்லாமல் இல்லை என்பது அதன் சாரம். வடிகட்டும் திறன் 30க்குக் கீழ் உள்ளவர்களுக்கும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் இருப்பவர்களுக்கும் முன்காப்பாக உப்புநீர் ஏற்ற அது பரிந்துரைத்தது.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் பயன்படும் காடோலினியம் மருந்து வேறு வகை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சில பழைய காடோலினிய மருந்துகளால் தோல் இறுகும் நோய் வரக்கூடும் என்பது 2006இல் தெரியவந்தது. இங்கும் காரணம், வெளியேற வேண்டியது வெளியேறாமல் தங்குவதே.

டெல்டா உழவருக்கு இதன் பொருள்

மேற்சொன்ன வரலாற்றை நம் வயல்வெளியில் வைத்துப் பார்க்க வேண்டும். குறுவை நடவும் அறுவடையும் கடும் வெயிலில் நடக்கின்றன. நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்கள், ஒதுங்க இடமில்லாத காரணத்தால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது உண்டு. இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது சர்வ சாதாரணம். பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. வயலில் எலிக்காய்ச்சலும் கண்ணாடி விரியன் கடியும் சிறுநீரகத்தை வேறு வகையில் தாக்குகின்றன. கடும் வெப்பத்தில் உழைப்போருக்குச் சிறுநீரகத் திறன் குறைவதைத் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வித்யா வேணுகோபால் குழுவினர் நடத்திய ஆய்வும் எடுத்துக்காட்டியது.

1988ஆம் ஆண்டு எலிச் சோதனையில் ஒன்றுசேர்த்த காரணங்கள் இங்கே ஒரு மனிதரிடம் தாமாகவே சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இவற்றுள் டை மட்டுமே மருத்துவமனையில் சேர்வது. மற்றவை ஏற்கெனவே வீட்டிலும் வயலிலும் சேர்ந்தவை. பழி மட்டும் கடைசியில் வந்த டையின் மேல் விழுகிறது.

எனவே டை தேவைப்படும் பரிசோதனைக்குச் செல்பவர் கீழ்க்கண்டவற்றைத் தாமே கேட்டும் சொல்லியும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அண்மையில் எடுத்த கிரியாட்டினின் அறிக்கையைக் கையில் கொண்டு செல்ல வேண்டும். சாப்பிடும் வலி மாத்திரைகளையும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளையும், மெட்ஃபார்மின் போன்ற நீரிழிவு மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்றால் தண்ணீரும் கூடாதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லாததையும் சேர்த்து, முந்தைய இரவிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் வருவோர் பலர். இதயத் தளர்ச்சி உள்ளவர் மட்டும், எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும். ஆபத்து உள்ளவர்களுக்கு 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியாட்டினினை மறுபடி பார்ப்பது பாதிப்பை வேளையோடு கண்டறிய உதவும்.

மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அவசர நிலைகளில் டை ஊசிக்கு அஞ்சி நேரத்தைக் கடத்துவது, இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கும் ஆபத்தில் விழுவதாகும். அடைபட்ட குழாயைத் திறக்க, அது எங்கே அடைபட்டது என்று முதலில் தெரிய வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கூட, பயன் ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது, குறைந்த அளவு மருந்தும் போதிய நீரும் தந்து பரிசோதனை செய்யப்படுகிறது.

யூரோசெலக்டான் முதல் இன்றுவரை மருந்தின் வடிவம் பல முறை மாறியுள்ளது. மாறாதது ஒன்றே. உள்ளே சென்ற மருந்தை வெளியே அனுப்பச் சிறுநீரகத்துக்கு இரத்தமும் நீரும் வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே பாசனம் நிறைவுற்றது என்பது டெல்டா உழவரின் கணக்கு. சிறுநீரகத்துக்கும் அதே கணக்குத்தான்.